முந்நூறு சொல்லில் ஒரு கருத்து: முதல் கட்டுரை எழுதுபவருக்கு

சிங்கப்பூரில் எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, எழுத ஆசைப்படும் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். தாதி ஒருவர் வருகிறார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் வருகிறார். தொடக்கக் கல்லூரி மாணவர்களும் வருவதுண்டு. பேச்சில் இவர்களுக்குக் குறையே இல்லை. வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், கிரிக்கெட், கோயில் அன்னதானம் என்று எதைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் நறுக்கென்று சொல்லிவிடுவார்கள். தாளை எடுத்து வைத்ததும் அந்தக் குரல் போய்விடுகிறது. "இன்றைய நவீன உலகில்" என்று முதல் வரி விழுகிறது. அடுத்த வரியில் ஒரு குறள் வந்து நிற்கிறது. தமக்கென்று கருத்து உள்ளவர்கள் எழுத்தில் அதை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டு போதும்: பேரங்காடியில் ஐந்து காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் பை.

படி 1: தலைப்பை விடுங்கள், கண்ணில் பட்டதைப் பிடியுங்கள்

"சுற்றுச்சூழல்" என்று எழுத உட்கார்ந்தால் முந்நூறு சொல்லில் எதையும் சொல்லி முடிக்க முடியாது. அது கடல். உங்களுக்கு வேண்டியது ஒரு குவளைத் தண்ணீர். கடந்த வாரம் நீங்கள் நின்று பார்த்தது எது? எரிச்சல் தந்தது எது? வீட்டுக்கு வந்த பிறகும் மனத்தைவிட்டுப் போகாதது எது?

என் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி இது: "பேரங்காடியில் ஒரு பெரியவர் நான்கு ஆப்பிள்களைக் குடைக்குள் போட்டுக்கொண்டு போனார்." அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்குள் ஐந்து காசு இருக்கிறது, மழை இருக்கிறது, ஒரு மனிதருடைய பிடிவாதம் இருக்கிறது. "பிளாஸ்டிக் பைகளால் சுற்றுச்சூழல் பாதிக்கப்படுகிறது என்பது அனைவரும் அறிந்த ஒன்றாகும்" என்ற வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அனைவரும் அறிந்தது என்று நீங்களே சொன்ன பிறகு வாசகர் எதற்காக மேலே படிக்க வேண்டும்?

ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியிலும் எழுதலாம். நாளுக்கு ஒரு வரி போதும். கருத்தை எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதினான்கு வரி சேர்ந்திருக்கும். அவற்றில் இரண்டோ மூன்றோ கட்டுரையாகும்.

படி 2: உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். கட்டுரையைத் தொடங்கும் முன், தனித் தாளில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அதை அறிவும் நேர்மையும் உள்ள ஒருவர் மறுக்க முடியுமா என்று கேளுங்கள். மறுக்கவே முடியாது என்றால் அது இன்னும் கருத்தாகவில்லை.

"சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்." இதை யார் மறுப்பார்கள்? பெரியவருடைய குடையைப் பற்றி மூன்று நாள் யோசித்த பிறகு நான் வந்து சேர்ந்த வாக்கியம் வேறு: "என்னைப் பை வாங்காமல் தடுப்பது ஐந்து காசு அல்ல, 'பை வேண்டுமா' என்று காசாளர் கேட்கும் கேள்விதான்." இதை மறுக்கலாம். ஐந்து காசையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் உண்டு என்று ஒருவர் சொல்லலாம். தாமே வருடிப் பணம் செலுத்தும் இயந்திரத்தில் யாரும் கேட்பதில்லையே என்று இன்னொருவர் சொல்லலாம். இப்படி எதிர்வாதம் முளைக்கிறது என்றால் வாக்கியத்தில் உயிர் இருக்கிறது. தாளை மேசைமேல் ஒட்டிவையுங்கள். எழுதும்போது எந்தப் பத்தி அந்த வாக்கியத்துக்கு உதவவில்லையோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும்.

படி 3: உண்மைகளைச் சரிபாருங்கள்

கருத்து உங்களுடையது. உண்மை எல்லாருக்கும் பொது. அதில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

முதல் வரைவில் நான் "சிங்கப்பூரில் எல்லாக் கடைகளிலும் பைக்குக் காசு வாங்குகிறார்கள்" என்று எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "தேக்கா சந்தையில் காய்கறி வாங்கியதே இல்லையா?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. வாரந்தோறும் அங்கே பையை வாங்கிக்கொண்டு வருபவன் நான். பார்த்ததையே மறந்து எழுதியிருக்கிறேன். விதி என்னவென்று தேடிப் படித்தேன். 2023 ஜூலை 3 முதல் நடப்பில் உள்ள விதி அது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்கள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். சந்தைக் கடைக்கும் முனைக் கடைக்கும் அது பொருந்தாது. தவறு திருந்தியதோடு கட்டுரைக்குப் புதிய வலுவும் கிடைத்தது: ஒரே ஆள் பேரங்காடியில் குடையில் ஆப்பிள் சுமக்கிறார், சந்தையில் இரண்டு பை கேட்டு வாங்குகிறார்.

அமைச்சுகளின் அறிவிப்பு, நாடாளுமன்ற உரை, புள்ளிவிவரத் துறையின் வெளியீடு ஆகியவற்றை மூலத்திலேயே படியுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தி மூலம் ஆகாது. பழைய செய்தி வேண்டுமானால் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பு இருக்கிறது. 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அதில் புரட்டலாம். நேற்று முளைத்த சிக்கல் என்று நீங்கள் நினைப்பதைப் பற்றி உங்கள் தாத்தா காலத்திலேயே யாராவது வாதாடியிருக்கக்கூடும். அரை மணி நேரம் அங்கே தேடிவிட்டு எழுதுபவருடைய எழுத்தில் ஒரு நிதானம் வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

படி 4: ஒரே மூச்சில் முதல் வரைவு

பார்த்த காட்சி, அதற்குப் பின்னால் உள்ள உண்மை, உங்கள் வாக்கியம், அதற்கு வரக்கூடிய மறுப்பு, மறுப்புக்கு உங்கள் பதில். முதல் சில கட்டுரைகளுக்கு இந்த வரிசை போதும். பழகிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முந்நூறு சொல் குறைவு என்று அஞ்ச வேண்டாம். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வளர்பவை. "காத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது ஒரே சொல். முந்நூறுக்குள் நிறையவே சொல்லலாம்.

படி 5: மறுப்பவரை உள்ளே அழையுங்கள்

தொடக்க எழுத்தாளர்கள் தவிர்ப்பதும், வாசகர் உடனே கவனிப்பதும் இதைத்தான். "சிலர் இதை எதிர்க்கலாம், ஆனால் அவர்கள் சுயநலவாதிகள்" என்று எழுதுவது மறுப்புக்குப் பதில் ஆகாது. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை, அவர்களே தலையாட்டும்படி எழுதுங்கள்.

பைக் கட்டுரையில் அந்த வாதத்தைக் கொடுத்தவர் எங்கள் பஸ் ஓட்டுநர். "வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குப்பையை எதில் கட்டிக் குப்பைக் குழாயில் போடுவது? முன்பு கடைப் பையில் கட்டினோம். இப்போது குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பிளாஸ்டிக் எங்கே குறைந்தது?" என்றார். இதைத் தள்ளிவிட முடியாது. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆகவே கட்டுரையில் அவர் வாதத்தை முழுதாக வைத்தேன், பிறகு பதில் எழுதினேன்: குப்பை கட்ட ஒரு வீட்டுக்கு நாளுக்கு ஒரு பை தேவைப்படலாம், ஆனால் பை இலவசமாகக் கிடைத்த அந்த நாளில் எங்கள் சமையலறை இழுப்பறையில் மடித்துக் கிடந்தவை நாற்பதுக்கு மேல். குப்பையை எரித்த சாம்பல் செமாக்காவ் தீவில் உள்ள நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999 இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. தேவைக்கு ஒரு பை, தேவையில்லாமல் நாற்பது பை என்ற வேறுபாட்டைச் சொல்ல முடிந்தது அவர் கேட்டதால்தான். என் கட்டுரையின் மிக நல்ல பத்தி அவருக்குச் சேர வேண்டியது.

படி 6: மொழியைச் சலித்தெடுங்கள்

மேடைத் தமிழ் நமக்கு இரத்தத்தில் ஊறியது. பள்ளிச் சொற்களம், கோயில் விழா, பட்டிமன்றம் எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேடையில் குரலும் கையும் சேர்ந்து ஒரு சொல்லுக்கு வலிமை தரும். தாளில் அந்த உதவி இல்லை. "அன்பால், அறிவால், ஆற்றலால்" என்று அடுக்கிய மூன்றில் எது உண்மையில் வேண்டும் என்று பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள்.

"என்பது குறிப்பிடத்தக்கது", "என்றால் அது மிகையாகாது", "என்பதில் ஐயமில்லை" ஆகியவற்றைத் தேடித் தேடி நீக்குங்கள். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டீர்கள்.

செயப்பாட்டு வினை இன்னொரு மறைவிடம். "முடிவு எடுக்கப்பட்டது" என்றால் யார் எடுத்தார்கள்? கருத்துக் கட்டுரையில் வாசகருக்கு வேண்டியதே அந்த "யார்". அதேபோல் கடைசிப் பத்தியில் வரிசையாக வரும் "வேண்டும்"களைக் கவனியுங்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் அதைச் செய்யப்போவது யாருமில்லை. "தாமே பணம் செலுத்தும் இயந்திரத்தின் திரையிலும் 'பை வேண்டுமா' என்ற கேள்வி முதலில் வரட்டும்" என்று எழுதுங்கள். கடை நிர்வாகி ஒருவர் படித்தால் நாளைக்கே செய்யலாம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இருபது சொல்லைத் திணித்தால் யார் என்ன செய்தார் என்பது வாசகருக்கு மறந்துவிடும். உடையுங்கள். இரண்டு வாக்கியமாக்குங்கள்.

நம் மொழி தந்த ஒரு நுட்பமான கருவியைச் சொல்லியாக வேண்டும்: "நாம்", "நாங்கள்". "நாம் பைகளை வீணாக்குகிறோம்" என்றால் படிப்பவரையும் என்னோடு சேர்த்துக் குற்றம் சொல்கிறேன். "நாங்கள்" என்றால் அவரை வெளியே நிறுத்துகிறேன். சிங்கப்பூரில் உங்கள் கட்டுரையைப் படிப்பவர் நான்கு தலைமுறையாக இங்கே வாழ்பவராக இருக்கலாம். சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். யாழ்ப்பாண வழி வந்தவராகவும் இருக்கலாம். "நம் சமூகம்" என்று எழுதும்போது இவர்களில் யாரை மனத்தில் வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு "நாம்"-ஐயும் வட்டமிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எத்தனையோ கட்டுரைகளில் மனக்கசப்பு தொடங்குவது அந்த ஒரு சொல்லில்தான்.

இங்கே எழுதும்போது டாலர், சென்ட் வேண்டாம்; வெள்ளி, காசு என்றே எழுதுங்கள். மின்தூக்கி, உணவங்காடி நிலையம், சமூக மன்றம் எல்லாம் இந்த ஊர்த் தமிழ் ஈட்டிய சொற்கள். தயங்காமல் எடுத்தாளுங்கள்.

ஒற்றுப் பிழைக்குப் பயந்து பலர் எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். நான்கு இடங்களை நினைவில் வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். "ஐ" வேற்றுமைக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: பையைக் கொடுத்தார். "கு" வேற்றுமைக்குப் பின் மிகும்: கடைக்குப் போனார். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தக் குடை. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பெரியவர். மற்றவை எழுத எழுதப் பழகும்.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் தவறு. வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர்கள் கைப்பேசியை எடுக்கும் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: தெரியாத துறையைப் பற்றி எழுதும்போது

பல துறைகளைத் தொட்டு எழுத ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் நிபுணர் வேடம் வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எழுதுங்கள். எங்கள் தாதி, மருத்துவக் காப்பீட்டுக் கொள்கையைப் பற்றி எழுதத் திணறினார். இரவுப் பணியில், தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டிக்கு வலி எங்கே என்று கேட்டுச் சொன்ன பத்து நிமிடத்தை எழுதச் சொன்னேன். மருத்துவமனையில் தாய்மொழி ஏன் தேவை என்பதற்கு அதைவிட நல்ல வாதத்தை நான் படித்ததில்லை. நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் அவர் எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இனம், சமயம் தொட்டு எழுதும்போது ஒரு செயலைப் பேசுங்கள், ஒரு கூட்டத்தைப் பேசாதீர்கள். தனிமனிதர்மேல் குற்றம் சாட்டும் முன் சான்று கையில் இருக்க வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் அல்ல. நாளைக்கு அதே மின்தூக்கியில் அவரோடு ஏறப்போகிறீர்கள்.

படி 8: ஓர் இரவு விட்டு அனுப்புங்கள்

எழுதிய சூட்டில் அனுப்ப வேண்டாம். மறுநாள் காலை முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். பல நேரம் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. முதல் பத்தி தொண்டையைச் செருமியதுதான். கடைசிப் பத்திக்கும் இதே சோதனை. என் பைக் கட்டுரை "ஒன்றிணைவோம், பூமியைக் காப்போம்" என்று முடிந்திருந்தது. அதை அடித்தேன். அதற்கு முந்தைய வரியில் பெரியவர் குடையை மார்போடு அணைத்து, மழையில் நனைந்துகொண்டே சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

செய்தித்தாளுக்கு வாசகர் கடிதமாக அனுப்புவதானால் முழுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், சரிபார்க்கக் கேட்பார்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். அந்த இரண்டு வாரத்தில் குறிப்பேட்டில் இன்னும் பதினான்கு வரி சேர்ந்திருக்கும்.