உறுத்தும் பல்செட்டுக்கு வீட்டில் செய்யக்கூடியவை

புதிதாகப் பல்செட் வைத்துக்கொண்டவருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் வாய் முழுவதும் அந்நியப் பொருள் இருப்பதுபோல் தோன்றுவதும், எச்சில் மிகுதியாக ஊறுவதும், 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் குழறுவதும் இயல்பானவை. இவை தாமே அடங்கிவிடும். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் குத்துவதும் புண்ணாவதும் 'பழகினால் சரியாகிவிடும்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

என் தந்தையார் அப்படிப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் உப்புத்தாளை எடுத்து மேல் செட்டின் பின்விளிம்பைத் தாமே தேய்த்துவிட்டார். உறுத்தல் நின்றது, அன்று மாலையிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே செட் கீழே விழத் தொடங்கியது. மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பது இடையிலுள்ள மெல்லிய எச்சில் படலத்தாலும், விளிம்பு முழுவதும் காற்றுப் புகாதபடி ஈற்றோடும் அண்ணத்தோடும் பொருந்தியிருப்பதாலும்தான். அந்த விளிம்பில் சிறிதளவு கூடுதலாகத் தேய்ந்தாலும் காற்று உள்ளே புகுந்து பிடிமானம் போய்விடுகிறது. எனவே அரம், உப்புத்தாள், கத்தி ஆகியவற்றால் செட்டைத் தொடவே கூடாது. வீட்டில் நாம் செய்யக்கூடியது உறுத்தலுக்கான காரணத்தைக் கண்டறிவதும், ஈற்றை ஆற்றுவதும், செட்டைப் பயன்படுத்தும் முறையைத் திருத்துவதும்தான்.

காரணத்தைக் கண்டறிவதற்குச் செட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று ஈற்றைப் பார்க்க வேண்டும். கன்னத்துக்கோ உதட்டுக்கோ ஈறு திரும்பும் மடிப்பில் கோடு போன்ற சிவப்போ புண்ணோ இருந்தால், அந்த இடத்தில் செட்டின் விளிம்பு நீளமாக இருக்கலாம். சும்மா இருக்கும்போது வலியில்லாமல் மெல்லும்போது மட்டும் ஒரு பக்கம் வலித்தால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சமமாகக் கடிபடவில்லை என்று சந்தேகிக்கலாம். செட் மூடும் பரப்பு முழுவதும் சிவந்திருந்தால், பெரும்பாலும் இரவும் பகலும் கழற்றாமல் அணிந்திருப்பதால் வரும் பூஞ்சைத் தொற்றே அதற்குக் காரணம். அளவை எவ்வளவு திருத்தினாலும் அது போகாது, மருந்து வேண்டும். பல மாதங்கள் நன்றாக இருந்த செட் பிறகு தளர்ந்து உராய்ந்தால், மாறியிருப்பது பெரும்பாலும் தாடைதான். பல் எடுத்த இடத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. முதல் ஆண்டில் இது வேகமாகவும், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் கூடுதலாகவும் நடக்கும். அந்நிலையில் பல் மருத்துவர் செட்டின் உட்புறத்தில் புதிய பூச்சு ஏற்றித் தருவார். அதை 'ரீலைன்' என்பார்கள்.

புண் வந்துவிட்டால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்து, ஓரிரு நாட்கள் செட்டை இயன்றவரை கழற்றி வைத்திருப்பதே ஈற்றுக்குப் பெரிய ஆறுதல். கிராம்பு எண்ணெயைப் புண்ணில் நேரடியாகத் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது மரத்துப்போகச் செய்வதோடு புண்ணை மேலும் எரித்துவிடவும் கூடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. மருத்துவரிடம் செல்வதற்கு முந்தைய நாள், வலித்தாலும் சில மணிநேரம் செட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புண் ஆறிய வாயோடு போனால் எந்த இடம் உறுத்துகிறது என்று அவராலும் கண்டுபிடிக்க முடியாது. தடம் தெரிந்தால், தேய்க்க வேண்டிய இடத்தை மட்டும் சில நிமிடங்களில் தேய்த்துக் கொடுத்துவிடுவார்.

தளர்ந்த செட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பல்செட் பசையைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். செட்டைக் கழுவி ஈரத்தைத் துடைத்த பிறகு, பட்டாணிக்கும் சிறிய அளவில் மூன்று நான்கு இடங்களில் விளிம்பைவிட்டுத் தள்ளி வைத்து, வாயில் பொருத்திச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். அழுத்தும்போது பசை வெளியே வழிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். துத்தநாகம் கலந்த பசையை நெடுங்காலம் அளவுக்கு மீறிப் பயன்படுத்திய சிலருக்கு உடலில் செம்புச்சத்து குறைந்து நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியிருப்பதால், துத்தநாகம் இல்லாத பசையைக் கேட்டு வாங்குவது நல்லது. நாளுக்கு நாள் பசை கூடுதலாகத் தேவைப்பட்டால், செட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உலரவிட்டாலும் வெந்நீரில் போட்டாலும் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வடிவம் மாறக்கூடும். பற்பசை அதில் கீறல் விடும் என்பதால் மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் ஒன்று இருந்தால், கைநழுவினாலும் உடையாது.

சாப்பாட்டில் முதல் வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு என்று தொடங்கிச் சிறு கவளங்களாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் செட் தூக்கிக்கொள்ளும். முன்பல்லால் கொய்யாவையோ கரும்பையோ கடிப்பதைப் பல்செட் வைத்தவர் மறந்துவிடுவதே நல்லது. கீழ் செட்டுக்கு அண்ணத்தின் பிடிமானம் கிடையாது. ஆகவே நாக்கைப் பின்னுக்கு இழுக்காமல், அதன் நுனி கீழ் முன்பற்களின் பின்புறத்தைத் தொட்டபடி இருந்தால் நாக்கே அதை இருத்தி வைக்கும். பேச்சுக்கு, நாளிதழை நாள்தோறும் கால் மணி நேரம் உரக்கப் படிப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சில பற்களுக்கு மட்டும் கம்பியோடு செய்த செட்டாக இருந்தால், அதை விரலால் அழுத்திப் பொருத்த வேண்டுமே தவிரக் கடித்து உட்கார வைக்கக் கூடாது. கம்பியைக் குறட்டால் வளைத்தால் முறிந்துவிடலாம், அல்லது அது பற்றியிருக்கும் நல்ல பல் ஆடத் தொடங்கலாம். உடைந்த செட்டை உடனடிப் பசையால் ஒட்டுவதும் கூடாது. துண்டுகள் இம்மியளவு விலகி ஒட்டினாலும் செட் மறுபடி பொருந்தாது, அந்தப் பசையும் வாய்க்குள் போகத்தக்கதன்று. எல்லாத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு அப்படியே கொண்டு போக வேண்டும்.

செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், விளிம்பையொட்டி மடிப்பாக வளரும் சதை, காரணமில்லாத இரத்தக் கசிவு, மரத்துப்போன உதடு ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. வெற்றிலைபாக்கோ புகையிலையோ நெடுங்காலம் போட்டவர்கள், ஆறாத புண்ணைப் பல்செட்டின் உறுத்தல் என்று தாமே முடிவுகட்டாமல் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.