பிடிஓ கிளட்ச்: டிராக்டர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

மஹிந்திரா 575 டிஐ ஆகட்டும், ஸ்வராஜ் 744 எஃப்இ ஆகட்டும், ஒரே மாடல் சிங்கிள் கிளட்சிலும் வரும், டூயல் கிளட்சிலும் வரும். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரும்பாலானோர் ஹெச்பி, டயர், தவணை மூன்றையும் பேசி முடித்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். என்ன கருவி மாட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் வண்டியை முடிவு செய்வதுதான் முதல் தவறு.

பிடிஓ என்பது பின்னால் மாட்டும் கருவியை இன்ஜின் பலத்தில் சுற்றவைக்கும் ஷாஃப்ட். சிங்கிள் கிளட்சில் பெடலை மிதித்தால் சக்கரம், பிடிஓ இரண்டும் நின்றுவிடும். டூயலில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். தனி பிடிஓ உள்ள வண்டியில் அதற்கென்று கைப்பிடி லிவர் இருக்கும், பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் உருளை பேலர் ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கட்டு நிறைந்ததும் வண்டி நிற்க வேண்டும், ஆனால் கயிறு சுற்றி முடியும்வரை பிடிஓ ஓடியாக வேண்டும். சிங்கிள் கிளட்சில் மிதித்ததுமே பேலர் நின்றுவிடும். நியூட்ரலுக்குப் போய், பெடலை விட்டு, மறுபடி சுற்றவிட்டுக் கயிறு கட்டி, திரும்பவும் மிதித்துக் கியர் போட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் இதே வேலை. வாயில் வைக்கோல் அடைத்திருக்கும்போது இப்படி நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை சீக்கிரமே வரும். டூயலில் பாதி மிதித்து நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிட்டால் போதும், பேலர் பாட்டுக்கு ஓடும். பேலர்தான் தொழில் என்றால் என் ஓட்டு தனி லிவருக்கு. அடைப்பை வெளியே தள்ள ரிவர்ஸ் பிடிஓவும் இருந்தால் இன்னும் நல்லது.

நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஒன்பது கொத்து கலப்பையும் டிரெய்லரும் மட்டும் வைத்திருப்பவர், "இருக்கட்டுமே" என்று டூயல் வாங்குகிறார். எந்தக் கிளட்ச் ஆனாலும் பின்னால் பிளேட் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், டூயலில் பிளேட்டும் ஒன்றுக்கு இரண்டு. ரோட்டவேட்டர் மட்டும் என்றாலும் சிங்கிளே சமாளிக்கும். வரப்போரம் தூக்கித் திருப்பும்போது வண்டியை நிறுத்துவதில்லையே. கனமான புல்வெட்டி மாட்டினால் மட்டும் கவனம். பெடலை மிதித்த பிறகும் சுழலும் கத்தியின் வேகமே சிங்கிள் கிளட்ச் வண்டியை முன்னால் தள்ளிவிடும். அதற்கு ஒருவழி கப்ளிங் (கத்தியின் வேகம் வண்டிக்குத் திரும்பாமல் தடுக்கும் இணைப்பு) போடுவது கட்டாயம்.

ஹெச்பி விஷயத்துக்கு வருவோம். 50 ஹெச்பி என்பது இன்ஜினில். பிடிஓவில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டு மாடலை ஒப்பிடும்போது பிடிஓ ஹெச்பியையும், பிடிஓவுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று எந்த இன்ஜின் ஆர்பிஎம்மில் வருகிறது என்பதையும் கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தின் சோதனை அறிக்கையில் இந்த விவரம் இருக்கும். 540இ என்பது குறைந்த இன்ஜின் வேகத்திலேயே அந்த 540 சுற்றைத் தரும் வசதி. மருந்து தெளிப்பான், ஜெனரேட்டர் போன்ற லேசான வேலைக்கு அது டீசல் மிச்சம் பிடிக்கும். கடினமான மண்ணில் ரோட்டவேட்டருக்கு அதைப் போட்டால் இன்ஜின் திணறும்.

'டூயல்', 'டபுள்' என்ற பெயர்களை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு கம்பெனி ஒன்றைச் சொல்லும், இன்னொன்று வேறொன்றைச் சொல்லும். டீலரின் டிரைவரைச் சின்ன கியரில் மெதுவாக ஓட்டச் சொல்லி, பிடிஓவைப் போட்டுப் பாதி மிதிக்கச் சொல்லுங்கள். வேட்டி, துண்டோடு ஷாஃப்ட் பக்கம் போகாமல் தள்ளி நின்று பாருங்கள். சக்கரம் நின்று ஷாஃப்ட் சுற்றினால் சரி. அப்புறம், கொட்டேஷனில் மாடல் பெயரோடு கிளட்ச் வகையையும் பிடிஓ வகையையும் எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று வேறு வண்டி வந்து நின்றால் கையில் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.