அக்செஸில் டேபிள் அமைப்பது: ஒரு சிறு நூலகக் கணக்கு

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் அக்செஸின் 'கிரியேட்' தாவலில் 'டேபிள்', 'டேபிள் டிசைன்' என இரண்டு பொத்தான்கள் உண்டு. முதலாவதில் நீங்கள் அடிக்கும் தரவைப் பார்த்து அதுவே டேட்டா டைப்பை (எண்ணா, எழுத்தா, தேதியா என்ற வகையை) ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் பின்னால் தலைவலி. 'டேபிள் டிசைன்' எடுங்கள்.

நூல்கள், உறுப்பினர்கள், இரவல்கள் என மூன்று டேபிள் போதும். இரவல் டேபிளில் ஆளின் பெயரை அடித்தால், ஒரே ஆள் 'முருகன்', 'எஸ். முருகன்' என்று இருவராகிவிடுவார். அங்கே உறுப்பினர் எண் மட்டும் இருக்கட்டும்.

உறுப்பினர்கள் டேபிளின் முதல் ஃபீல்டு (தகவல் கட்டம்) 'உறுப்பினர்_எண்', டைப் 'ஆட்டோநம்பர்': எண்ணை அக்செஸே போட்டுக்கொள்ளும். அந்த வரிசையைத் தேர்ந்து, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் 'பிரைமரி கீ' அழுத்துங்கள். ஒரு பதிவை அழித்தால் அந்த எண் திரும்ப வராது, வரிசையில் ஓட்டை விழும். இடைவெளியில்லாத ரசீது எண் வேண்டுமென்றால் இதை நம்பக் கூடாது.

கைப்பேசி எண்ணுக்கு 'நம்பர்' வைக்காதீர்கள். அதன் வழக்கமான அளவான 'லாங் இன்டிஜர்' 2,14,74,83,647 வரைதான் தாங்கும். 9இல் தொடங்கும் பத்திலக்க எண் அதில் அடங்காது. எஸ்டிடி எண்ணின் முன்னால் வரும் சுழியமும் போய்விடும். கூட்டிக் கழிக்காத எண்ணெல்லாம் 'ஷார்ட் டெக்ஸ்ட்'தான்.

'ஷார்ட் டெக்ஸ்ட்' அளவில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. அக்செஸ் கணக்கில் ஐந்து, ஏனென்றால் கொக்கியும் புள்ளியும் தனித்தனி. பெயருக்கு 20 என்று வைத்தால் பாதியிலேயே நின்றுவிடும். 100 வையுங்கள், உச்சவரம்பு 255. தரவு ஏறிய பிறகு அளவைக் குறைத்தால் மிஞ்சிய எழுத்துகள் வெட்டுப்பட்டுப் போகும், ஆகவே முதலில் கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இரவல்களில் 'திரும்பிய_நாள்' ஃபீல்டின் 'ரெக்வயர்டு' (கட்டாயம் நிரப்ப வேண்டுமா என்பது) 'நோ' ஆகவே இருக்க வேண்டும்: காலியாக இருந்தால் நூல் இன்னும் வெளியே இருக்கிறது என்று பொருள். 'எடுத்த_நாள்' மட்டும் 'யெஸ்'.

இனி இணைப்பு. டேபிள்களை மூடிவிட்டு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்' தாவலில் 'ரிலேஷன்ஷிப்ஸ்' திறந்து, உறுப்பினர்களின் 'உறுப்பினர்_எண்'ணை இரவல்களின் 'உறுப்பினர்_எண்' மேல் இழுத்து விடுங்கள். திறக்கும் பெட்டியில் 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி'யை (இல்லாத உறுப்பினரின் எண்ணை இரவல்களில் ஏற விடாத காவல்) டிக் செய்து 'கிரியேட்' அழுத்தியதும் பிழைச்செய்தி வந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரவல்களில் அந்த ஃபீல்டு 'டெக்ஸ்ட்' ஆக இருக்கலாம். ஆட்டோநம்பருக்கு ஜோடி 'நம்பர்', அளவு 'லாங் இன்டிஜர்'. அல்லது, இல்லாத உறுப்பினரின் எண் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். 'குவரி விசார்டு'க்குள் இருக்கும் 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' அதைப் பிடித்துக் கொடுக்கும். 'கேஸ்கேட் டெலீட்' பக்கம் மட்டும் போகாதீர்கள்: ஓர் உறுப்பினரை நீக்கினால் அவர் எடுத்த நூல்களின் வரலாறு முழுவதும் கூடவே போய்விடும்.

பதிவுகளை அழித்தாலும் கோப்பின் எடை குறையாது. கோப்பைத் திறந்திருக்கும் எல்லாரும் வெளியேறிய பிறகு 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டினால்தான் குறையும். கோப்பின் வரம்பு 2 ஜிபி.