கிரேக்கச் சோக நாடகம் படிக்கும்போது எங்கே கோடு போடுவது?

சோபோக்ளிஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தில் மேடைச் சாவைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஈடிப்பஸின் மனைவி யொகாஸ்டா (அவள்தான் அவனைப் பெற்றவளும் என்று பிறகு தெரிகிறது) தூக்கிட்டுக்கொள்வதும், அவள் ஆடை ஊசிகளால் ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வதும் அரண்மனைக்குள். தூதுவன் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும். அந்தப் பேச்சை வாய்விட்டுப் படியுங்கள், காதுக்காக எழுதியது.

வீழ்ச்சி அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கொரிந்திலிருந்து ஒருவன் நல்ல சேதி கொண்டுவந்ததாக நினைத்து வருகிறானே, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். பாவம், 'நீ கொரிந்து மன்னனின் சொந்த மகன் அல்ல' என்று ஆறுதலாக அவன் சொல்வதே ஈடிப்பஸைக் கவிழ்க்கிறது. திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் காட்டும் உதாரணமும் இதுதான்.

சோபோக்ளிஸின் இன்னொரு நாடகமான 'ஆன்டிகனி'யில் மன்னன் கிரியோனையும் இப்படியே தொடரலாம். மகனும் மனைவியும் சாக, வீழ்ந்தவன் உயிரோடு மிஞ்சுகிறான்.