குரலைக் கேட்டு உடலளவை மதிப்பிடும் முறை

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், காவடித் திருநாளன்று கோயில் ஒலிபெருக்கியில் ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்கும் நேரமே இதைப் பழக ஏற்றது என்பேன். முதலில் பேசுபவர் ஆணா, பெண்ணா, குழந்தையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பாலினத்துப் பெரியவர்களுக்குள் கட்டைக் குரலை மட்டும் வைத்து உயரத்தைச் சொன்னால் பெரும்பாலும் தவறிப்போகும். சுருதியைத் தீர்மானிக்கும் குரல்நாண்கள் உடலின் உயரத்துக்கு ஏற்ப நீள்வதில்லை. உடல் எடையையும் அப்படிச் சொல்ல முடியாது. ஓரளவு நம்பத்தக்கது, குரல்நாண்களிலிருந்து உதடு வரையுள்ள பாதையின் நீளம். வளர்ந்த ஆண்களுக்கு அது ஏறத்தாழ 17 செ.மீ., பெண்களுக்கு 14 செ.மீ. இருக்கும். "வாங்க" என்பதில் "வா" நீளும்போது சுருதியை விட்டுவிட்டு, அந்த ஒலி சிறு செம்புக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா, பெரிய அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அண்டாபோல் கேட்டால் பாதை நீளம், ஆளும் பெரிய உடலுள்ளவராக இருக்கலாம். உதட்டைக் குவித்துப் பேசினால் பாதை சற்று நீண்டு, பேசுபவர் உள்ளதைவிடப் பெரிய உடலுள்ளவராகத் தோன்றுவார்.