பயத்தைக் குறைத்த மழைக்குழி

2015 வெள்ளம், 2019 தண்ணீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல். சென்னையில் இதையெல்லாம் பார்த்த எனக்குப் பருவநிலை மாற்றம் பற்றிய செய்தியைப் படித்தாலே தூக்கம் போய்விடும்.

என்னை நிமிர்த்தியது ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். எங்கள் வீட்டில் அது தெருவுக்குத்தான் ஓடியது. மழைநீர் சேகரிப்புக் குழியைத் திறந்தால் கூழாங்கல்லே தெரியவில்லை. மேலே சேறு, மக்கிய வேப்பிலை. பிளம்பரோடு சேர்ந்து எல்லாவற்றையும் அள்ளி, கல்லைக் கழுவி, புது மணல் போட்டோம். மாடிக் குழாயின் வாயில் வலை கட்டினோம். அடுத்த மழையில் தண்ணீர் தேங்காமல் குழிக்குள் இறங்கியது. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவும் அதே பிளம்பரைக் கூப்பிட்டார்.

இதனால் கடல் சூடாவது நிற்காது. பேய்மழை வந்தால் எங்கள் தெரு மறுபடி மூழ்கும். ஆனால் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் 1987இல் செய்துகொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அந்தப் படலம் மெல்லத் தேறிவருகிறது என்பதும் உண்மைதான். உலகம் சேர்ந்தால் நடக்கிறது. சரி, எங்கள் தெருவும் சேரட்டும் என்று, மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.