கிண்டலா, சீண்டலா: வகுப்பில் பேசத் தொடங்கும் வழி

தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘பாலியல் சீண்டல் என்றால் என்ன?’ என்று நேரடியாகக் கேட்டால், முன்வரிசை தலைகுனியும், பின்வரிசையில் சிரிப்பு எழும். அதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள்: பள்ளி விட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மாணவியின் உடலைப் பற்றி ஒருவன் தினமும் ஏதோ சொல்கிறான், அவள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள், அவனுடைய நண்பர்கள் சிரிக்கிறார்கள். இது கிண்டலா? கிண்டல் என்றால் இருவருமே சிரிப்பார்கள், ‘வேண்டாம்’ என்றால் அது நின்றுவிடும் என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தொட்டால்தான் குற்றம் என்று பெற்றோரிலும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாலியல் நோக்கத்தோடு பேசுவதும், சைகை காட்டுவதும், ஆபாசப் படம் காட்டுவதும், திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றங்களே. 18 வயது நிரம்பாத ஆண்பிள்ளைகளுக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு (இதைப் பையன்களிடம் சொல்ல நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்).

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள். பிள்ளை வந்து சொல்லும்போது, ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.